பேருடும்பு இரண்டாம் பாகத்தில் உறுமல் மாறியது ஏன்

மைக்கை எங்க மாட்டப் போறீங்க, காலர்லயா? மாட்டுங்க. எங்க காலத்துல ஃப்ரேம் ஓரத்துல மைக் நிழல் விழுந்தாலே அதைப் புடிச்சிருக்கறவனுக்கு அறை விழும். இப்ப ஆளு நெஞ்சுலயே குத்திவிடறீங்க. சரி, உங்க காலம்.

கீழ பேரு போடுவீங்கல்ல? வேதகிரி, புரொடக்‌ஷன் மேனேஜர்னு போடுங்க. 'பேருடும்பு', 'மீண்டும் பேருடும்பு', ரெண்டு படத்துக்கும் நான்தான் மேனேஜர். டைரக்டர் மழை கேட்டா மழை, யானை கேட்டா யானை, காலைல ஆறு மணிக்கு இருநூறு பேருக்கு இட்லி. கொண்டாந்து நிறுத்தறவன் மேனேஜர். போன மாசம் ஒரு சேனல்காரன் ரெண்டு மணி நேரம் என்னைப் பேச வெச்சு எடுத்துட்டுப் போயி, 'படக்குழுவைச் சேர்ந்தவர்'னு போட்டான். டீ கொடுத்தவனும் படக்குழுவைச் சேர்ந்தவன்தான் தம்பி.

காபி வருது, பேசிக்கிட்டே குடிக்கலாம். நீங்க அனுப்பின கேள்வியெல்லாம் மருமக படிச்சுக் காட்டினா. பதினெட்டுக் கேள்வி. நல்லாத்தான் கேட்டிருக்கீங்க, ரசிகர்தான் போல. சின்னதையெல்லாம் முதல்ல முடிச்சிருவோம்.

உடும்பு வாயிலேர்ந்து ஒழுகுதே எச்சில், அது ஜவ்வரிசிக் கஞ்சி. ரெண்டு அண்டா காய்ச்சுவோம். பதினோரு மணி வெயிலுக்குப் புளிச்சு நாறிடும், எங்கேர்ந்தோ அத்தனை காக்காவும் வந்து உடும்பு மேல உக்காந்துக்கும். அது உண்மையான காக்கா, டைரக்டரோட கற்பனைன்னு உங்க ஆளு ஒருத்தர் எழுதியிருந்தாரு, அதெல்லாம் ஒண்ணுமில்ல. கண்ணு ரெண்டும் லாரி ஹெட்லைட். தோல் பூரா பாக்கு மட்டை. வெட்டி, பெயிண்ட் அடிச்சு, சைக்கிள் ட்யூப் மேல ஒட்டினது.

உடும்புக்குள்ள ரெண்டு பேரு. முன்னாடி ஒருத்தன், பின்னாடி ஒருத்தன். ஜிப் வெச்சா கேமராவுல தெரியுதுன்னு டைரக்டர் சொன்னாரு, அதனால காலைல உள்ள விட்டுத் தெச்சுருவோம். மத்தியானம் பிரிப்போம். நடுவுல ஒண்ணுக்கு வந்தா உள்ளயேதான். க்ளைமாக்ஸ்ல உடும்பு வயித்துல ஈரம் பளபளன்னு தெரியும் பாருங்க, கடல்லேர்ந்து இப்பதான் ஏறி வந்துருக்குங்கறதை டைரக்டர் எவ்வளவு நுணுக்கமா காட்டியிருக்காருன்னு ரீரிலீஸ் அன்னிக்கு ஒரு பையன் என்கிட்டயே சொன்னான். ஆமாப்பா, நுணுக்கம்தான்னேன்.

இதையெல்லாம் போடுங்க, ஜனங்க சிரிப்பாங்க. ஆனா நான் உங்களை வரச் சொன்னது அந்த ஏழாவது கேள்விக்காக. முதல் பாகத்துல ஒரு உறுமல், ரெண்டாம் பாகத்துல வேற உறுமல், ஏன் மாறிச்சுன்னு கேட்டிருந்தீங்கல்ல? அதுக்குத்தான்.

அமலதாஸ் மகன் ஒருத்தன் இருக்கான், சாலிகிராமத்துல ஸ்டுடியோ வெச்சிருக்கான். அமலதாஸ்தான் ரெண்டு படத்துக்கும் சவுண்டு இன்ஜினியர். அந்த மகன்காரன் பேட்டியில என்ன சொல்றான், யானைப் பிளிறலும் பஸ் பிரேக்கும் அப்பாவோட சொந்தத் தொண்டையும் கலந்து செஞ்சதுங்கறான். அவன் அப்பன் தொண்டையில ஒரு இருமல்கூட ஒழுங்கா வராது தம்பி. நல்ல மனுஷன்தான், செத்துட்டாரு, குறை சொல்லக்கூடாது. ஆனா அந்த உறுமலுக்குச் சங்கத்துல விருது கொடுத்தாங்களே, மேடையேறி வாங்கினாரே, ஒரு வார்த்தை, 'வேதகிரி இல்லாட்டி இது இல்ல'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? சொல்லல. முப்பத்து நாலு வருஷமா நானும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். இப்ப யானைங்கறான். அதான் சொல்றேன். அந்த உறுமலை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

முதல் பாகத்துலேர்ந்து வரணும். அதுல ஜனங்க ஓடுற சீன். முன்வரிசையில அம்சவேணின்னு ஒரு பொண்ணு. ஜூனியர் ஆர்ட்டிஸ்ட், வடபழனி பக்கம் குடியிருந்தா. நல்லா ஓடுவா, அதுக்காகவே முன்னாடி விடுவோம். உடும்போட காலை மட்டும் தனியா ஒண்ணு செஞ்சிருந்தோம், பிளாஸ்டர்ல, ஆள் உயரத்துக்கு. கயித்துல தூக்கி இறக்கணும். ஓடறவங்க தாண்டினப்புறம் இறக்கணும். கயிறு புடிச்சவன் முந்திட்டான். அம்சவேணியோட வலது பாதத்து மேல நேரா இறங்கிடுச்சு.

கத்தினா பாருங்க. அங்க ஓடிக்கிட்டிருந்த டேப்புல அது அப்படியே விழுந்துருக்கு. அந்த டேப்பு படத்துல வராது, பின்னால டப்பிங் பேசும்போது அளவுக்கு வெச்சுக்கறது. அமலதாஸ் அதைப் பாதி வேகத்துல ஓட்டிப் பாத்திருக்காரு, அப்புறம் அதுலயும் பாதி. ஒரு மிருகம் தம்பி. தரையிலேர்ந்து கிளம்பி வருது. அதுதான் முதல் பாகத்து உறுமல். வெறும் 'ஆ'ன்னு ஒரே இழுப்பா இருக்கும், கவனிச்சிருப்பீங்க.

படம் நூத்தி எழுபத்தஞ்சு நாள் ஓடிச்சு. ரத்தம் பாத்ததாலதான் படம் ஓடிச்சுன்னு படமெடுத்த முதலாளி முடிவு பண்ணிட்டாரு. அந்தப் பிளாஸ்டர் காலைக் கழுவவே விடல. ரத்தக் கறையோட ஆபீஸ் வாசல்ல நிறுத்தி, வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை மாலை போட்டு, சூடம் காட்டுவாங்க. அம்சவேணி பாதம் சரியா கூடல, கொஞ்சம் சாய்ச்சுதான் நடப்பா. அதுக்கப்புறம் ஓடுற சீனுக்கு நாங்க கூப்பிடல, நொண்டுறது தெரியும்ல. ஒப்பாரி சீன் இருந்தா கூப்பிடுவோம். உக்காந்தே செய்யலாம்.

அப்ப ரெண்டாம் பாகம். முதலாளிக்கு ராசி முக்கியம். அதே கேமராமேன், அதே தேதியில பூஜை, அதே கடைக் கேசரி, அதே காலு. எல்லாம் முடிஞ்சு உறுமல்னு வந்தப்ப, பழைய டேப்பு பூஞ்சை பூத்துப் போச்சுன்னாரு அமலதாஸ். உடனே முதலாளி, "அதே பொண்ணைக் கூப்பிடுய்யா"ன்னாரு. நியாயம்தானே? ஒரு குரல் ராசியா இருக்கும்போது வேற குரலுக்கு எதுக்குப் போகணும்?

கூப்பிட்டேன். முதல் நாள் வந்தா. டப்பிங் தியேட்டர்ல கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் முன்னாடி நிறுத்தி, கத்தும்மான்னோம். கத்தினா. சினிமாக் கத்தல். சேலை முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு கத்துவாங்களே, அந்த மாதிரி. வேகத்தைக் குறைச்சா மாடு கத்தற மாதிரி இருக்கு. டைரக்டர் சத்தியசீலன் தலையில கைய வெச்சுக்கிட்டாரு.

நாங்களும் என்னென்னமோ பண்ணோம் தம்பி, இதைக் கேட்டா நீங்க சிரிப்பீங்க. ஜாக்கெட்டுக்குள்ள ஐஸ் கட்டி போட்டோம். கூச்சப்படறாளே ஒழிய கத்தல. பின்னாடி பட்டாசு வெடிச்சோம். 'ஐயோ'ன்னா, அவ்வளவுதான், உறுமல் 'ஐயோ'ன்னா வரும்? கால்ல அந்தப் பழைய இடத்துல அசிஸ்டென்ட் ஒருத்தன் ஷூவோட மிதிச்சுப் பாத்தான். பல்லைக் கடிச்சுக்கிட்டா. வலியைப் பொறுத்துப் பழகிட்டா, என்ன பண்றது. கடைசியா டைரக்டரே போயி, "அம்சவேணி, உன் வீடு பத்தி எரியுதாம்மா"ன்னாரு. இவ அவர் மூஞ்சியை ஒரு நிமிஷம் பாத்தா. "நீங்க சிரிக்கிறீங்களே சார்"னா. அவளும் சினிமாக்காரிதானே. பொய்க்குக் கத்த மாட்டேங்கறா.

மறுநாள் திரும்ப வரச் சொன்னோம். அன்னியோட தியேட்டர் தேதி முடியுது. ஆயுதபூஜைக்கு ரிலீஸ்னு பேப்பர்ல விளம்பரம் வந்தாச்சு. உறுமல் இல்லாம உடும்பு என்ன, ஊமைப் பல்லி.

அன்னிக்குக் காலைல வந்ததும் வராததுமா என்கிட்ட வந்தா. "அண்ணே, புள்ளைக்கு மூணு நாளா ஒடம்பு சுடுதுண்ணே. மத்தியானத்தோட உட்ருவீங்களா?"ன்னா. ஏழுமலைன்னு ஒரு பையன். ஆறு வயசு, ஒரே புள்ள. ஷூட்டிங்குக்கு ஒண்ணு ரெண்டு தடவை கூட்டிட்டு வந்திருக்கா, உடும்பு வாலைப் புடிச்சுத் தொங்குவான். நல்ல பையன். "விட்டுடறேன்மா, நீ மட்டும் ஒழுங்கா ஒரு கத்து கத்து, அடுத்த நிமிஷம் போகலாம்"னேன். வாக்கு கொடுத்தா காப்பாத்துவேன் நான். கேட்டுப் பாருங்க யாரை வேணா.

இங்க உங்களுக்கு ஒண்ணு சொல்லணும், வெளியாளுங்களுக்குத் தெரியாது. எங்க தொழில்ல ஒரு வழக்கம் உண்டு. வேலையில நிக்கிற ஆர்ட்டிஸ்ட்டுக்குக் கெட்ட சேதி வந்தா நேரா அவங்ககிட்ட போகாது. மேனேஜர்கிட்ட வரும். மேனேஜர் அதைப் பேக்கப் வரைக்கும் வயித்துக்குள்ள வெச்சுக்கணும். இருநூறு பேரு வேலை, செட்டு, லைட்டு, எல்லாம் நிக்குதுல்ல. காமெடியன் ஒருத்தருக்கு அப்பா தவறிட்டாரு, காலைல ஏழு மணிக்கே எனக்குச் சேதி. சாயங்காலம் வரைக்கும் மனுஷன் வாழைப்பழத் தோல்ல வழுக்கி வழுக்கி விழுந்து நடிச்சாரு. பேக்கப் ஆனதும் தோள்ல கை போட்டுச் சொன்னேன். அழுது முடிச்சுட்டு என் கையைப் புடிச்சுக்கிட்டு, "நல்ல காரியம் பண்ண வேதகிரி, காலைல சொல்லியிருந்தா என்னால முடிஞ்சிருக்காது"ன்னாரு. அது பக்குவம் தம்பி. எல்லாருக்கும் வராது. எனக்கே அப்படித்தான் கத்துக்கொடுத்தாங்க. நான் அசிஸ்டென்ட்டா இருந்தப்ப எங்க அப்பா தவறிட்டாருன்னு வந்த தந்தியை எங்க மேனேஜர் ரெண்டு நாள் பாக்கெட்ல வெச்சிருந்தாரு. நான் ஊருக்குப் போனப்ப பால் தெளிச்சு முடிச்சிட்டாங்க. கோவம் இருந்துச்சு, இல்லைங்கல. அப்புறம் நானே மேனேஜரானப்ப புரிஞ்சுது.

அன்னிக்குப் பத்தே காலுக்கு ஆபீஸ் ரூம்ல போன் அடிச்சுது. நான்தான் எடுத்தேன். அம்சவேணி புருஷன். முனிரத்தினம்னு பேரு, கொத்தவால்சாவடியில மூட்டை தூக்குற ஆளு. ஆஸ்பத்திரிக்கு எதுத்தாப்புல மருந்துக் கடையிலேர்ந்து பேசறான். பையனுக்கு ஜன்னி கண்டுருச்சு, ஆஸ்பத்திரியில சேத்திருக்கு, அம்மா அம்மான்னே கேக்கறான், உடனே அனுப்புங்க சார்னான். அழுவுறான். "சரிப்பா, சொல்றேன்"னு வெச்சேன்.

சொல்றேன்னுதான் சொன்னேன். எப்பச் சொல்றேன்னு அவனும் கேக்கல.

அப்பவே போயிச் சொல்லியிருந்தா என்ன ஆகும்? கத்துவாளா? மாட்டா. புள்ள சீரியஸ்னா தாய்க்குக் கத்தறதுக்கு எங்க நேரம், செருப்பை மாட்டிக்கிட்டு ஓடுவா. தியேட்டர் போச்சு, தேதி போச்சு. அதனால பேசாம வந்து உக்காந்தேன். பதினோரு டேக் போச்சு, ஒண்ணும் சரியா வரல. நடுவுல ஒரு தடவை வெளிய வந்தா, "அண்ணே, வீட்டாண்ட கடைக்கு ஒரு போன் போட்டுப் புள்ள எப்படி இருக்கான்னு கேட்டுக்கறேன்"னா. லைன் டெட்டும்மான்னேன். அப்பெல்லாம் லைன் அடிக்கடி போகும், நம்பிட்டா. போயி திரும்பவும் மைக் முன்னாடி நின்னா.

பன்னெண்டு அம்பதுக்கு ரெண்டாவது போன். இந்தத் தடவை அவன் அழுவல. போயிட்டான் சார்னான், அவ்வளவுதான்.

இப்ப நீங்களே யோசிச்சுப் பாருங்க. அதுக்கப்புறம் என்ன அவசரம் இருக்கு? பையன் இருந்தப்ப இருந்த அவசரம் இப்ப இல்லையே. அது வரைக்கும் எனக்கு அந்த யோசனை வரல, சத்தியமா சொல்றேன். ரிசீவரை வெச்சுட்டு நிமிர்ந்தப்பதான் வந்துச்சு. இந்தச் சேதியை எப்படியும் அவகிட்ட சொல்லித்தான் ஆகணும். எங்கயோ வராண்டாவுல வெச்சுச் சொல்றதுக்கு, மைக் முன்னாடி சொல்லலாமே.

ஆனா சாப்பாட்டு நேரம். அமலதாஸ் பசி தாங்க மாட்டாரு, சக்கரை வியாதி. சரி, எல்லாரும் சாப்பிடட்டும்னேன். அவளையும் உக்கார வெச்சேன். வெறும் வயித்துல குரல் எழும்பாதுல்ல. வேண்டாம்ணே, வீட்டுக்குப் போயிச் சாப்பிட்டுக்கறேன்னா. விடல நான். மீன் குழம்பு அன்னிக்கு. வறுத்த மீனு ஆளுக்கு ஒண்ணுதான் கணக்கு, என் இலையிலேர்ந்து என்னோடதையும் எடுத்து அவ இலையில வெச்சேன். "புள்ளைக்கு எடுத்துக்கினு போவட்டா அண்ணே"ன்னா. நீ சாப்பிடும்மா, அவனுக்கு அப்புறம் பாத்துக்கலாம்னேன். நல்லா சாப்பிட்டா. காலைலேர்ந்து கத்தின பசி.

என்னைக் கல்நெஞ்சுக்காரன்னு யாராவது நினைச்சா, அந்த மீனை நினைச்சுப் பாக்கட்டும். அத்தனை பேரு உக்காந்து சாப்பிட்டாங்க, வேற எவன் கொடுத்தான்?

ரெண்டு மணிக்கு உள்ள போனா. நான் அமலதாஸ்கிட்ட, "டேப்பை ஓட்டுங்க சார், நான் என்ன பேசினாலும் நிறுத்தாதீங்க"ன்னேன். இன்னொரு பொய் சொல்லப்போறான்னு நினைச்சு அவரு சிரிச்சுக்கிட்டே ஓட்டினாரு. அவருக்கு விஷயம் தெரியாது. டைரக்டருக்கும் தெரியாது. இதுதான் நான் சொல்ல வந்தது, இது முழுக்க முழுக்க என் யோசனை, வேற யாருக்கும் இதுல பங்கு கிடையாது.

கதவைத் திறந்து மைக் பக்கத்துல போயி நின்னேன். கிட்டத்துல நின்னாதான் அவ பின்னால நகராம இருப்பா. நகர்ந்தா சத்தம் குறையும். சொன்னேன். "அம்சவேணி, ஏழுமலை போயிட்டான்மா."

என் மூஞ்சியையே பாத்தா. உதட்டைப் பாத்தா. நேத்து டைரக்டர் சிரிச்ச மாதிரி நானும் சிரிக்கிறேனான்னு தேடுறா தம்பி. நான் சிரிக்கல.

ஒரே டேக்.

'ஆ'ன்னு இல்ல இந்தத் தடவை. பையன் பேரைச் சொல்லித்தான் கத்தினா. முழுசா சொல்லல, வீட்டுல கூப்பிடற மாதிரி, ஏழூன்னு. அதை நாலு மடங்கு இழுத்ததுதான் நீங்க கேக்கற அந்த 'ஏஏஏ... ழூஊஊ'. முதல் பாகத்துல 'ஆ', ரெண்டாம் பாகத்துல 'ஏழூ'. ஏன் மாறிச்சுன்னா, இதுதான். முதல்ல கால்ல அடிபட்ட கத்தல், அடுத்தது புள்ள போன கத்தல். ரெண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்க உங்க வீடியோவுல, வித்தியாசம் நல்லாத் தெரியும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அமலதாஸுக்கு அப்பதான் புரிஞ்சுது போல. கண்ணுல தண்ணி கொட்டுது. ஆனா டேப்பை நிறுத்தல. தொழில்காரன், அந்த மட்டுக்கும் ஒத்துக்கறேன். சாயங்காலம் பாதிரியாரைப் பாக்கப் போறேன்னு கிளம்பினாரு. போயிட்டு வந்து மறுநாளே அதை இழுத்து உறுமலாக்கிக் கொடுத்துட்டாரு.

நான் உடனே கம்பெனி காரை எடுக்கச் சொன்னேன். ஜூனியர் ஆர்ட்டிஸ்ட்டுக்குக் கம்பெனி கார் அந்தக் காலத்துல நினைச்சுப் பாக்க முடியாது. அவ செருப்புகூட போடாம ஓடினா, நான் செருப்பைக் கையில எடுத்துட்டுப் போயி கார்ல வெச்சேன். ஏறும்போது, "இப்பதான் வந்துச்சாண்ணே போனு?"ன்னு கேட்டா. இப்பதான்மா, லைன் இப்பதான் சரியாச்சுன்னேன். பின்ன என்ன சொல்றது அந்த நேரத்துல?

டைட்டில்ல பேர் போடணும்னு நான் சண்டை போட்டேன் தெரியுமா? நன்றின்னு ஒரு கார்டு வருமே, அதுல மர டிப்போவுக்கும் ஓட்டலுக்கும் நடுவுல 'அம்சவேணி'ன்னு இருக்கும். நிறுத்திப் பாருங்க. அது நான் வாங்கிக் கொடுத்தது.

காரியமெல்லாம் முடிஞ்சு ஒரு பத்துப் பதினஞ்சு நாள்ல முனிரத்தினம் ஆபீஸுக்கு வந்தான். தாடியும் மீசையுமா. "சார், நான் பத்து மணிக்கே போன் பண்ணேன்ல, உங்ககிட்டதானே சார் பேசினேன்? பண்ணவே இல்லன்னு சொல்றா சார். கத்துற புள்ளைய வெச்சுக்கினு குடிச்சிட்டுக் கெடந்தியான்னு கேக்கறா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நம்புவா சார்"னான். வாசல்ல அந்தப் பிளாஸ்டர் காலு நிக்குது, அதுக்குப் பக்கத்துலயே நின்னுக்கிட்டு கேக்கறான். படம் ரிலீஸுக்குப் பதினெட்டு நாள் இருக்கு. அந்த நேரத்துல போயி ஒரு பொம்பளையைக் கிளப்பிவிட்டு, அவ பத்திரிகைக்காரன்கிட்ட எதையாவது சொல்லி வெச்சா? "ரிலீஸ் ஆகட்டும்பா, நானே வந்து பேசறேன்"னேன். சரி சார்னு போயிட்டான். படம் ரிலீஸாச்சு. நூறு நாள். அந்தச் சந்தோஷத்துல எனக்கும் மறந்துபோச்சு. அவனும் திரும்ப வரல. அம்சவேணி அவனை விட்டுட்டு அவ அண்ணன் வீட்டோட போயிட்டதா கேள்விப்பட்டேன்.

இப்ப போன மாசம் ரீரிலீஸ் பண்ணாங்கல்ல, அதுக்கு அம்சவேணியைத் தேடிப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தது யாருன்னு நினைக்கிறீங்க? நான்தான். போரூர் தாண்டி அண்ணன் மகன் வீட்டுல இருக்கா. தலையெல்லாம் நரைச்சுப்போச்சு, கால் இன்னும் சாய்வுதான். என் பக்கத்து சீட்லயே உக்கார வெச்சேன். உடும்பு தண்ணியிலேர்ந்து எழுந்திருக்கிற சீன். உங்களுக்கே தெரியும், நீங்களும் இருந்திருப்பீங்க. எண்ணூறு பேரும் எழுந்து நின்னு, செல்போன் லைட்டை அடிச்சுக்கிட்டு, 'ஏஏஏழூஊ'ன்னு கத்தறாங்க. சின்னச் சின்னப் பசங்க, அப்பன் தோள் மேல உக்காந்துக்கிட்டு. எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுபோச்சு. செத்து முப்பத்து நாலு வருஷம் கழிச்சு எண்ணூறு பேரு கூப்பிடறாங்க தம்பி அந்தப் பையனை. எந்த மகாராஜா புள்ளைக்குக் கிடைக்கும்?

அவ ரெண்டு கையாலயும் காதைப் பொத்திக்கிட்டா. சத்தம் இப்பெல்லாம் ஜாஸ்தியா வெக்கிறாங்க, வயசானவங்களுக்குத் தாங்காது.

சீன் முடிஞ்சதும் என் பக்கம் குனிஞ்சு கேட்டா. "அண்ணே, அன்னிக்குக் காலைல ஏதுனா போனு வந்துச்சா?" நல்ல நாளு, கொண்டாட்டம், அதுல போயி எதுக்குன்னு, "மத்தியானம் ஒரு தடவைதான்மா வந்துச்சு"ன்னேன். தலையாட்டிக்கிட்டா. "எனக்குத் தெரியும்ணே. வந்திருந்தா நீங்க சொல்லாம இருப்பீங்களா? அந்தாளு சாவுற வரைக்கும் பத்து மணிக்குப் பண்ணேன், பத்து மணிக்குப் பண்ணேன்னே சொல்லிக்கினு இருந்தான். போன வருசம் சாவக் கெடக்கும்போது ஆளு அனுப்பிச்சான், ஒருவாட்டி வந்து பாத்துட்டுப் போவச் சொல்லி. நான் போவல"ன்னா.

என் மேல எவ்வளவு நம்பிக்கை பாருங்க. கட்டின புருஷனை நம்பல, என்னை நம்பியிருக்கா. கண்ணு கலங்கிப்போச்சு எனக்கு. சினிமாவுல எத்தனை பேரு இப்படி ஒரு பேரு சம்பாதிச்சிருக்கான்?

என்ன தம்பி, காபி ஆறுது. குடிங்க.

ஆதாரமா? கேப்பீங்கன்னு தெரியும். அமலதாஸ் மகன் நாளைக்கே எதிர்ப் பேட்டி கொடுப்பான், கிழவன் உளர்றான்னு. அதுக்குத்தான் எடுத்து வெச்சிருக்கேன். என் சர்வீஸ் பூரா டைரி எழுதியிருக்கேன். யாரு எத்தனை மணிக்கு வந்தாங்க, எப்ப டீ, எப்ப டேக், எந்தப் போன் எப்ப வந்துச்சு, ஒண்ணு விடாம. மேனேஜர்னா அதான். இந்தாங்க, தொண்ணூத்தி ஒண்ணு. அடையாளத்துக்கு மயிலிறகு வெச்சிருக்கேன் பாருங்க. ஆகஸ்ட் இருபத்தொம்பது, வியாழக்கிழமை. நீங்களே படிங்க. வேண்டாம், நானே படிக்கறேன், மைக்குல பதியட்டும்.

'9.00. அம்சவேணி வருகை. 10.15. அம்சவேணி வீட்டுக்காரர் போன். பையன் சீரியஸ், தாயைக் கேட்கிறான். பிறகு சொல்லலாம். 10.20. டீ, பன், பதினாலு பேர். 12.50. அதே ஆள் போன். பையன் காலமானான். 1.15. சாப்பாடு. 2.05. அம்சவேணியிடம் சொன்னேன். ஓகே. ஒரே டேக்.'

பாத்தீங்களா, 'சொன்னேன்'னு இருக்கு. 'சொன்னோம்'னு இல்ல. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்? யானை எங்கயாவது வருதா இதுல?

அவ பாத்தா என்னவா? பாக்கட்டுமே. பாக்கத்தான் போறா, வீடியோ வந்தா அனுப்பச் சொல்லி அவ அண்ணன் பேத்தி நம்பரை என்கிட்ட கொடுத்திருக்கா. சந்தோஷப்படுவா தம்பி. தன் குரல்தான்னு ஊருக்கே தெரியப்போவுதுல்ல.

இந்தப் பக்கத்தை நல்லா க்ளோசப்ல எடுத்துக்கங்க. மேலேர்ந்து ரெண்டாவது வரி இங்க் கொஞ்சம் மங்கியிருக்கு. அந்த லைட்டை இப்படித் திருப்புங்க, பத்தே கால்ங்கறது தெளிவாத் தெரியணும்.